உதவி: கையால் அடித்தால் ஓடுகிறது, செட்டப் ஸ்கிரிப்டில் மட்டும் ‘என்பிஎம்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’

முதல்முனை:
வணக்கம். புது லேப்டாப் கைக்கு வரும்போதெல்லாம் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்வதில் ஒரு நாள் போய்விடுகிறது. அதனால் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன், உபுண்டு 22.04-க்கு. கிட், டாக்கர் எல்லாம் ஒழுங்காக வந்துவிடுகின்றன. என்விஎம்-மும் (நோடு பதிப்புகளை நிர்வகிப்பது) இன்ஸ்டால் ஆகிறது. அதற்கு அடுத்த வரியில் பாஷ்ஆர்சி கோப்பை (பாஷுக்கான என் அமைப்புக் கோப்பு) சோர்ஸ் செய்கிறேன், அதாவது அதன் வரிகளை இதே ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஓட்டுகிறேன். பிறகு நோடு (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), பிறகு என்பிஎம் (நோடு பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்வது). என்பிஎம் வரியில் தலைப்பில் உள்ள பிழையோடு நின்றுவிடுகிறது. அதே வரிகளைப் புது டெர்மினலில் ஒவ்வொன்றாக அடித்தால் எல்லாம் ஓடுகிறது. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தவறு?

வேர்க்கோப்பு:
இரண்டு கேள்விகள். ஸ்கிரிப்டை எப்படி ஓட்டுகிறீர்கள்? எஸ்ஹெச் என்று கூப்பிட்டால் உபுண்டுவில் ஓடுவது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறொரு ஷெல். அதற்கு சோர்ஸ் என்ற கட்டளையே தெரியாது. அடுத்து, முழு ஸ்கிரிப்டையும் சுடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுகிறீர்களா? அப்படியானால் என்விஎம், ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஹோம் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம்.

முதல்முனை:
பாஷ் என்று சொல்லித்தான் ஓட்டுகிறேன். சுடோ போடுவது ஆப்ட் (உபுண்டுவில் நிரல்களை இன்ஸ்டால் செய்யும் கட்டளை) வரிகளில் மட்டும். என்விஎம் என் ஹோமில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சோர்ஸ் வரியில் எந்தப் பிழையும் வரவில்லை.

கடைசிவரி:
பிழை வராததுதான் இங்கே சிக்கல், நண்பரே. உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து முதல் பத்து வரிகளைப் பாருங்கள். ‘கேஸ்’ என்று தொடங்கி ‘ஈஸாக்’ என்று முடியும் ஒரு சின்னத் துண்டு இருக்கும். இந்த ஷெல்லில் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாரா என்று அது பார்க்கிறது. ஆள் இல்லை என்றால் ‘ரிட்டர்ன்’. கீழே உள்ள எதையும் படிக்காமல் சத்தமில்லாமல் திரும்பிவிடும். என்விஎம் தன் வரிகளைச் சேர்ப்பது கோப்பின் கடைசியில். ஸ்கிரிப்ட் ஓடும் ஷெல்லில் ஆள் இல்லை, அதனால் அந்த வரிகள் வரை அது வருவதே இல்லை. டெர்மினலில் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் ஓடுகிறது.

இன்னொன்று: என்விஎம் தனி நிரல் இல்லை, ஷெல் ஃபங்ஷன். அதை ஷெல்லுக்குள் ஏற்றாதவரை பாத்-தில் (ஷெல் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஸ்கிரிப்டில் பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்யும் வரியை எடுத்துவிடுங்கள். என்விஎம்_டிஐஆர் மாறிக்கு என்விஎம் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். அதற்குள் இருக்கும் என்விஎம் டாட் எஸ்ஹெச் கோப்பை நேராக சோர்ஸ் செய்யுங்கள். அதன் பிறகு நோடு, என்பிஎம்.

பகல்நிரல்:
‘பாஷ் ஹைஃபன் ஐ’ என்று போட்டு, ஆள் இருக்கும் ஷெல் போல ஓட்டினாலும் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடைசிவரி:
ஓடும், ஆனால் வேண்டாம். உங்கள் ஏலியாஸ்களும் (கட்டளைகளுக்கு நீங்களே வைத்த மாற்றுப்பெயர்கள்) கூடவே வந்துவிடும். கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ என்றால் கேட்டுவிட்டு அழி என்று ஒருவர் ஏலியாஸ் வைத்திருந்தால், ஸ்கிரிப்ட் நடுவில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும். ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை நம்பி செட்டப் எழுதக்கூடாது.

முதல்முனை:
கடைசிவரி அண்ணா, ஓடிவிட்டது! மிக்க நன்றி. அந்த ‘கேஸ்’ துண்டைத் தினமும் பார்த்திருக்கிறேன், என்ன செய்கிறது என்று யோசித்ததே இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பல தடவை ஓட்டிப் பார்த்ததில், நான் சேர்க்கும் பாத் வரி பாஷ்ஆர்சியில் 11 முறை இருக்கிறது.

வேர்க்கோப்பு:
எக்கோ போட்டு இரட்டை அம்புக்குறியால் சேர்த்தால் அப்படித்தான், ஒவ்வொரு ஓட்டத்திலும் கோப்பின் கடைசியில் இன்னொரு வரி சேரும். சேர்க்கும் முன் க்ரெப் வைத்து அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: உங்கள் வரிகளையெல்லாம் தனிக் கோப்பில் வையுங்கள், பாஷ்ஆர்சியில் அதைக் கூப்பிடும் ஒரே வரி போதும். ஒவ்வொரு முறையும் தனிக் கோப்பை முழுசாக மாற்றி எழுதிவிடலாம்.

ஃபோல்டர்களுக்கு சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) போடுகிறீர்கள் என்றால் அதையும் பாருங்கள். இரண்டாவது முறை ஓடும்போது பழைய லிங்க்கை மாற்றாமல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே புதிதாக ஒரு லிங்க்கைப் போட்டுவிடும். ‘எல்என்’ கட்டளையில் எஸ், எஃப்-போடு என் எழுத்தையும் சேருங்கள்.

அப்புறம், சொந்த லேப்டாப்பில் சோதிக்காதீர்கள். அதில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. காலியான உபுண்டு கன்டெய்னரில் (லேப்டாப்பிலிருந்து தனித்து ஓடும் சூழல்), சாதாரண யூசர் ஒன்றை உருவாக்கி, இரண்டு தடவை ஓட்டுங்கள்.

முதல்முனை:
இப்போதுதான் கன்டெய்னரில் போட்டேன். முதலில் சுடோவே இல்லை என்றது, அதைக் கையால் போட்டேன். அடுத்து என்விஎம் வரிக்கு வந்ததும் கர்ல் (இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கருவி) இல்லை என்று நின்றது. கர்ல் என் ஸ்கிரிப்டில் எங்கேயும் இல்லை. என்றைக்கோ கையால் போட்டிருக்கிறேன். ஆப்ட் வரியில் சேர்த்துவிட்டேன். இரண்டாவது ஓட்டமும் பிழையில்லாமல் முடிந்தது, பாத் வரி ஒன்றே ஒன்று.