ஹைட்டி இல்லங்களில் மெலிந்த குழந்தைக்கு முதல் வாரப் பால்

கேள்வி: போர்ட்-ஓ-பிரின்ஸில் அன்னை தெரசா சபை சிஸ்டர்களின் இல்லம் போன்ற இடங்களுக்கு எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுக்கக் கூடாதாமே, ஏன்?

பதில் 1: ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரியும், இதயம் தாங்காது. முதலில் எஃப்-75 பால்தான், அதாவது இப்படி மெலிந்த குழந்தைகளுக்கென்றே செய்த சக்தி குறைந்த மருத்துவப் பால்: கிலோவுக்கு நாளொன்றுக்கு 130 மி.லி. ஒரு வயதில் 5 கிலோதான் என்றால் 650. இரண்டு மணிக்கொரு தரம் சுமார் 55 மி.லி. உடம்பெல்லாம் வீங்கியிருந்தால் கிலோவுக்கு 100 போதும். கிண்ணத்தில் கொடுங்கள், புட்டி வேண்டாம். கழுவினாலும் கிருமி தங்கும்.

பதில் 2: ராத்திரி வேளையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கி, உடம்பு சில்லிட்டு, விடிவதற்குள் உயிரே போகலாம். இரும்புச்சத்து டானிக் இப்போதே கூடாது, தொற்று முற்றும். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கியதும் சக்தி கூடிய எஃப்-100 பாலுக்கு மெல்ல மாற்றலாம்.

கேட்டவர்: பேதி இருந்தால்?

பதில் 1: பேதிக்குக் கொடுக்கும் சாதாரண உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸில் இவர்களுக்கு உப்பு அதிகம். இவர்களுக்கென்றே உப்பைக் குறைத்த ரீசோமால் கரைசல் கொடுங்கள். காலரா என்றால் ஓ.ஆர்.எஸ்.தான்.