புதுப்பிப்பு: இந்தியா இங்க் நெகட்டிவ் வந்தால் விட்டுடலாமா?

எச்ஐவி நோயாளி, சிடி4 (எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை) 100-க்குக் கீழ், விடாத தலைவலி என்றால் முதலில் மூளையுறையைத் தாக்கும் பூஞ்சையான கிரிப்டோகாக்கஸைத் தேடுங்கள் என்று எழுதியிருந்தேன். "இந்தியா இங்க் நெகட்டிவ், விட்டுடலாமா?" என்று கேட்டவர்களுக்கு: கூடாது. இந்தியா இங்க் என்பது தண்டுவட நீரில் மை கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பது; கிருமி குறைவாக இருந்தால் ஸ்லைடில் தப்பிவிடும். ஆன்டிஜன் (கிருமியின் அடையாளப் பொருள்) பட்டைச் சோதனை 10 நிமிடத்தில் சொல்லிவிடும். ஆன்டிஜன் மிக அதிகமானாலும் கோடு மங்கி நெகட்டிவ் போலத் தெரியலாம். சந்தேகமிருந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி போடுங்கள்.

தண்டுவட நீரில் செல், புரதம் நார்மல் என்று நிம்மதியாகவும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியே இல்லாதவருக்குச் செல் எங்கிருந்து வரும்?

தண்டுவட நீர் எடுக்கும்போது அதன் அழுத்தத்தை அளக்காமல் ஊசியை எடுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மானோமீட்டர் இல்லையென்றால் ஐவி செட் குழாயும் ஸ்கேலும் போதும். 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் 20-க்குக் கீழ் இறங்கும்வரை நீரை வடியுங்கள்.

காசநோய்க்கான எக்ஸ்பர்ட் அல்ட்ரா மரபணுச் சோதனைக்குச் சில சொட்டு தண்டுவட நீர் பத்தாது. முடிந்தால் 6 மி.லி. அனுப்புங்கள். நெகட்டிவ் வந்தாலும் காசநோய் இல்லை என்றாகாது. அரூர், பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு அனுப்புகிறவர்கள், பாக்டீரியா கல்ச்சர் குழாயை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள்.

வலிப்போ ஒருபக்கப் பலவீனமோ இருந்தால் தண்டுவட ஊசிக்கு முன் மூளை ஸ்கேன்தான் முதலில். வளையம்போல் ஒளிரும் கட்டிகள் தெரிந்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்தில் சுருங்குகிறதா பாருங்கள்; சுருங்கினால் அதுதான் காரணம் என்று கணக்கு. கூடவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது, லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க் கட்டியும் ஸ்டீராய்டில் சுருங்கும்.