ஆக்சலாட்டலின் காலைக் கடித்துவிட்டது: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

தொட்டிப்பிரியன்:
ஒரே தொட்டியில் இரண்டு ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர்) குட்டிகள் வளர்க்கிறேன். நேற்று ராத்திரி புழு போடும்போது பெரியது சின்னதின் முன்காலைக் கவ்விவிட்டது. பாதம் முழுக்கப் போய்விட்டது, நுனியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. ரத்தம் நின்றுவிட்டது. பிரித்து ஒரு டப்பில் விட்டிருக்கிறேன். ஊர் சென்னை, ஏசி ராத்திரி மட்டும்தான். ஃபிரிட்ஜில் வைத்து உப்புத் தண்ணீரில் முக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

ஏரிக்கரை:
கடைக்காரர் சொன்னது சரி தம்பி. ஃபிரிட்ஜில் 5 முதல் 8 டிகிரி இருக்கும், பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அயோடின் சேர்க்காத கல்லுப்பு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடம், காலை மாலை. இந்த வெயிலில் காயத்தோடு வெளியே விட்டால் அழுகிவிடும்.

மழைத்தவளை:
மறுக்கிறேன். குளிர் பூஞ்சையை மட்டுமா தடுக்கும்? காயத்தை மூடும் வேலையும் சேர்ந்தே மந்தமாகும். வெட்டுப்பட்ட இடத்தைத் தோல் ஒரு நாளுக்குள் மூடிவிடும், அப்புறம் அங்கே சின்ன மொட்டு எழும்பி அதிலிருந்துதான் கால் வளரும். அதற்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். உப்பும் இப்போது வேண்டாம். இது மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியில் நல்ல தண்ணீரில் வாழ்ந்த உயிர், உப்பு அதன் தோலையும் செவுளையும் எரிக்கும். நுனியில் தெரியும் வெள்ளை அனேகமாக எலும்பு. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி தண்ணீரில் ஆடும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏரிக்கரை:
16 டிகிரி என்று எழுதுவது சுலபம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை தெரியுமா? ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அவ்வளவுதான். அந்தப் பையனிடம் இன்று ராத்திரி கையில் இருப்பது ஃபிரிட்ஜ்தான்.

மழைத்தவளை:
மீன் கடையில் தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். டப்பை அதற்குள் இறக்கி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் உறைந்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டால் போதும். டப்பில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 28 டிகிரியிலிருந்து நேரே 6 டிகிரிக்குத் தூக்கிப்போட்டால் அந்த அதிர்ச்சியே பெரிய ஆபத்து.

ஏரிக்கரை:
நேரே போடச் சொல்லவில்லை, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். பெட்டி யோசனை நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செவுளில் பஞ்சு தெரிந்தால் உப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

மழைத்தவளை:
பஞ்சு தெரிந்தால் உப்பு, சரி. அப்போதும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மலக்கைட் கிரீன், செம்பு கலந்த மீன் மருந்து எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

செவுள்:
எதற்கு இவ்வளவு பதற்றம்? 1864இல் பாரிஸுக்கு வந்த காலத்திலிருந்து ஆய்வுக்கூடங்களில் வளர்கிற விலங்கு இது. கால், வால், முதுகுத்தண்டு எல்லாம் முளைக்கும். சும்மா விடுங்கள், தானே சரியாகும்.

மழைத்தவளை:
ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்து கொடுத்து வெட்டுகிறார்கள், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே அதற்கு வலித்திருக்கிறது. மேலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டால் முளைக்கும் திறன் குறைகிறது என்று ஆய்வே சொல்கிறது. முளைக்கும் என்கிற தைரியத்தில்தான் பலர் இரண்டையும் மறுபடி ஒன்றாக விடுகிறார்கள். குட்டிகள் அசைவதையெல்லாம் கவ்வும். நடுவில் தடுப்பு வையுங்கள், இல்லை தனித் தொட்டி.

ஏரிக்கரை:
இதில் மழைத்தவளை பக்கம்தான் நான். தானே சரியாகும் என்று விட்டு, புண் கறுத்து, குட்டி செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

தொட்டிப்பிரியன்:
டார்ச் அடித்துப் பார்த்தேன், ஆடவில்லை, எலும்புதான் போல. பெட்டியும் வாங்கிவிட்டேன், தண்ணீர் 18இல் நிற்கிறது. பழைய தொட்டியின் தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா (கழிவிலிருந்து சேரும் நச்சு) 0.5 பிபிஎம் காட்டுகிறது. அதிலிருந்தே டப்புக்கு எடுக்கலாமா?

மழைத்தவளை:
கூடவே கூடாது. அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆன்ட்டி குளோரின் போட்ட புதுத் தண்ணீரை அதே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து, தினமும் முழுவதுமாக மாற்றுங்கள். மண்புழுவைத் துண்டாக்கி வாயருகே நீட்டுங்கள், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். பெரியது இன்னும் அந்தத் தொட்டியில்தானே இருக்கிறது? அதன் தண்ணீரையும் இன்றே மாற்றுங்கள்.