உத்தரவு, ஆணை: அலுவலகத் தமிழில் எதை எங்கே எழுதுவது?

கேள்வி: தட்டச்சர், காங்கேயம்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் வரைவு ஒன்றில் "மேற்படி உத்தரவின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அதிகாரி "உத்தரவின்படி" என்பதைப் பச்சை மையால் அடித்து, அதன் மேல் "ஆணையின்படி" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். உத்தரவு என்பது பேச்சு வழக்கு, கோப்பில் வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

அது எனக்கு முழுமையாக விளங்கவில்லை. எங்கள் ஊருக்கு அருகே சிவன்மலை சுப்பிரமணியர் கோயிலில் "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சன்னிதியில் பூப்போட்டுக் கேட்ட பிறகே அதற்குள் வைப்பார்கள். அதை யாரும் ஆணைப் பெட்டி என்று சொல்வதில்லை. என் பாட்டியோ எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்றுதான் சொல்வார். கட்டளையும் அனுமதியும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? அலுவலகத்தில் அச்சொல் உண்மையிலேயே தவறா?

பதில் 1: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

தவறு இல்லை, அம்மா. ஆனால் உங்கள் அதிகாரி திருத்தியதற்கும் நியாயம் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

வடமொழியில் உத்தரம் என்றால் மறுமொழி. அதிலிருந்து வந்ததே உத்தரவு. தெலுங்கில் உத்தரம் என்றால் கடிதம், உத்தர்வு என்றால் அரசின் ஆணை. மலையாளத்தில் உத்தரம் விடை, உத்தரவு இன்றளவும் அரசு ஆணைக்கு வழங்கும் முறையான சொல். கீழே இருப்பவர் கேட்கிறார், மேலே இருப்பவர் மறுமொழி சொல்கிறார், அந்த மறுமொழியே இவரைக் கட்டுப்படுத்துகிறது. "போகலாமா?" என்ற கேள்விக்கு வந்த மறுமொழி அனுமதியாகிறது, "என்ன செய்யட்டும்?" என்ற கேள்விக்கு வந்தது கட்டளையாகிறது. இரு பொருளும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதே என் கருத்து. உங்கள் பாட்டியின் பேச்சும் சிவன்மலைப் பெட்டியும் இந்தப் பழைய பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கின்றன. அங்கேயும் ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா?

எந்தப் பொருள் என்பதை உடன் வரும் வினை காட்டிவிடும். உத்தரவு கேட்பது, கொடுப்பது, வாங்குவது என்றால் அனுமதி. உத்தரவு இடுவது, போடுவது, பிறப்பிப்பது என்றால் கட்டளை. "உத்தரவு கொடுத்தார்" என்பதை மட்டும் சிலர் இரண்டுக்கும் எழுதுகிறார்கள். கோப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஆணை. அரசியலமைப்பின் 166ஆம் பிரிவின்படி மாநில அரசின் நிர்வாகச் செயல்கள் எல்லாம் ஆளுநரின் பெயரால் வெளிப்பட வேண்டும். ஆகவேதான் அரசாணையின் முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும், அதன் கீழ்ச் செயலாளர் கையொப்பமிடுவார். தலைப்பிலும் "அரசாணை (நிலை) எண்" என்றே இருக்கும். இந்தச் சொற்கள் பல்லாண்டுகளாக நிலைத்துவிட்டதால், எண்ணும் நாளும் இட்டு வெளிவந்த ஆவணத்தைச் சுட்டும்போது ஆணை என்று எழுதுவதே முறை. உங்கள் வரைவில் "மேற்படி" என்று சுட்டியது அப்படி ஓர் ஆவணத்தை என்றால், திருத்தம் சரியானதே.

ஆனால் உத்தரவு கோப்பை விட்டுப் போய்விடவில்லை. "மறு உத்தரவு வரும் வரை" என்ற தொடரில் ஆணையை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. தொலைபேசியில் சொல்லப்பட்டதை "வாய்மொழி உத்தரவு" என்றுதான் எழுதி வந்தோம்.

பதில் 2: வழக்குரைஞர், மதுரை

நீதிமன்றத்தில் நிலைமை வேறு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவு ஆகிய மூன்றையும் தனித்தனியே வரையறுக்கிறது. வழக்கின் உரிமைகளை முடிவாகத் தீர்மானிப்பது தீர்ப்பாணை; அதற்கான காரணங்களைக் கூறுவது தீர்ப்பு; தீர்ப்பாணை அல்லாத மற்ற முடிவுகள் உத்தரவு. இவற்றுள் கடைசியையும் ஆணை என்று எழுதினால், தீர்ப்பாணையோடு குழம்ப இடம் இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாமா, எந்த வழியில் செய்யலாம் என்பதே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், எங்களுக்கு இது வெறும் சொல் விருப்பம் அன்று.

மக்கள் வழக்கின் உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவாகிவிட்டது. ஊரில் இன்னும் "144 தடை உத்தரவு" என்றுதான் சொல்கிறார்கள்.

பதில் 3: யாழ்ப்பாணத்து வாசகர்

இலங்கையில் இச்சொற்கள் வேறு விதமாகப் பங்கிடப்பட்டுள்ளன. அமைச்சர் அதிகாரிகளுக்குச் சொல்வதைப் பத்திரிகைகள் "பணிப்புரை விடுத்தார்" என்று எழுதும். நீதிமன்றம் பிறப்பிப்பதைக் கட்டளை என்றும் உத்தரவு என்றும் எழுதுவோம். நீங்கள் சுற்றறிக்கை என்பதை நாங்கள் சுற்றுநிருபம் என்போம். மேலிடத்திலிருந்து வரும் மடலுக்கு நிருபம் என்ற பழைய பெயர் அதில் தங்கியிருக்கிறது. உங்கள் தேர்தல் ஆணையம் எங்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு. ஆகவே ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாட்டவர் படிக்கும்போது, சொல்லை மட்டும் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 4: கல்வெட்டு வாசிப்பவர்

ஆணை என்ற சொல்லுக்கும் இரண்டாவது பொருள் ஒன்று உண்டு, அதுவும் கவனிக்கத்தக்கது. "அம்மா மேல் ஆணை" என்கிறோமே, அது கட்டளை அன்று, சூளுரை. திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தின் கடைசிப் பாட்டில், பதிகத்தை ஓதும் அடியார்கள் "வானில் அரசாள்வர் ஆணை நமதே" என்று முடிக்கும்போது, தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்று உறுதி தருகிறார். உத்தரவு ஒருவர் கேட்டதற்குக் கிடைக்கும் மறுமொழி என்றால், ஆணை யாரும் கேட்காமலே சொல்பவர் தம் பெயரை முன்வைத்துச் சொல்வது. ஆளுநரின் பெயரால் வருவதற்கு இச்சொல் பொருந்தி நிற்பது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் புகழ்பெற்ற கட்டளை இருக்கிறது. ஆட்சியின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாளில், தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்துகொண்டு, தாமும் தம் அக்கனும் தம் பெண்டுகளும் பிறரும் கொடுத்தவற்றைக் "கல்லிலே வெட்டுக என்று திருவாய் மொழிஞ்சருள" என்கிறது கல்வெட்டு. அவ்விடத்தில் ஆணையும் இல்லை, உத்தரவும் இல்லை. அரசன் வாயால் மொழிந்தான் என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டு எழுதியவர்களுக்குத் திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை என்றெல்லாம் பதவிப் பெயர்கள் வழங்கின.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா, இன்னும் ஓர் ஐயம். ஒரே கடிதத்தில் அரசாணையையும், அதன் அடிப்படையில் எங்கள் அதிகாரி வழங்கிய அறிவுறுத்தலையும் சுட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஆணை என்றே எழுதலாமா?

பதில் 1 எழுதியவர்

வேண்டாம். முதலாவதை எண்ணும் நாளும் சேர்த்து அரசாணை என்று எழுதுங்கள். இரண்டாவது எழுத்தில் வந்திருந்தால், அதன் தலைப்பில் செயல்முறைகள் என்று இருக்கிறதா, குறிப்பாணை என்று இருக்கிறதா என்று பார்த்து அந்தப் பெயரையே இடுங்கள். ஒன்றுக்கு ஒரு பெயர் வைத்த பிறகு கடிதம் முடியும் வரை அதை மாற்றாதீர்கள். நடுவில் சொல் மாறினால், பெறுபவர் மூன்றாவதாக ஏதோ ஒரு தாள் இருப்பதாக எண்ணி அதன் நகலைக் கேட்டு எழுதுவார். என் பணிக்காலத்தில் அப்படி வந்த கடிதங்களுக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன்.