ஸ்டிமுலஸ் கன்ட்ரோலரைப் பல படிவங்களில் பழுதின்றிப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி:
படிவத்தில் எழுத்து எண்ணிக்கையைக் காட்டவும், எழுதியதை அவ்வப்போது தானாகச் சேமிக்கவும் ஒரே ஸ்டிமுலஸ் கன்ட்ரோலரை (எச்டிஎம்எல் உறுப்புடன் இணைந்து இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்பகுதி) எழுதியுள்ளேன். எண்ணிக்கை காட்டும் இடமில்லாத படிவத்தில் அதை இணைத்தால், டார்கெட் (கன்ட்ரோலர் தேடும் உறுப்பு) இல்லை என்ற பிழை எழுகிறது. டர்போ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் வழியாக வேறு பக்கம் சென்று திரும்பினால், சேமிக்கும் கோரிக்கைகள் இரட்டிக்கின்றன. கனெக்ட்டில் (கன்ட்ரோலர் உறுப்புடன் இணையும்போது அழைக்கப்படும் செயற்கூறு) நான் உருவாக்கிச் சேர்க்கும் நிலைச்செய்தியும் இருமுறை தோன்றுகிறது. இதை எவ்வாறு சீர்செய்வது?

மறுமொழி 1:
டர்போ பக்கத்தை முழுமையாக மீண்டும் ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுவதால், செட்இன்டர்வல் கொண்டு தொடங்கிய, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் சேமிக்கும் டைமர் பழைய படிவம் நீங்கிய பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது கனெக்ட் மீண்டும் அழைக்கப்பட்டு இன்னொன்றைத் தொடங்கிவிடும். ஆகவே கனெக்ட்டில் தொடங்கும் ஒவ்வொன்றையும் உறுப்பு நீங்கும்போது அழைக்கப்படும் டிஸ்கனெக்ட்டில் நிறுத்தியே ஆக வேண்டும். நிலைச்செய்தியின் சிக்கல் வேறு: பக்கத்தை விட்டு நீங்குகையில் டர்போ அதன் நகலைச் சேமித்து வைக்கிறது, நீங்கள் செருகிய உறுப்பும் அந்த நகலில் இடம்பெற்றுவிடுகிறது. நகலைச் சேமிக்கும் முன் எழும் டர்போவின் ‘பிஃபோர்-கேஷ்’ நிகழ்வின்போது அதை நீக்கலாம். எனினும் அந்த உறுப்பைச் சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே வைத்து, கன்ட்ரோலர் அதன் உரையை மட்டும் மாற்றுவதே மேலானது. அப்போது கனெக்ட் எத்தனை முறை அழைக்கப்பட்டாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்.

மறுமொழி 2:
டார்கெட் பிழைக்கு, அந்த டார்கெட் இருக்கிறதா என்று சொல்லும், ‘ஹேஸ்’ எனத் தொடங்கும் பண்பைச் சரிபார்ப்பது உடனடித் தீர்வு. ஆனால் எண்ணுவதும் சேமிப்பதும் ஒன்றையொன்று சாராதவை. அவற்றை இரு கன்ட்ரோலர்களாகப் பிரித்து, தேவையான படிவத்தில் மட்டும் இரண்டையும் ஒரே உறுப்பில் இணைத்தால் அந்தச் சரிபார்ப்பே தேவைப்படாது. சேமிக்கும் இடைவெளியை ஸ்டிமுலஸ் 2.0 பதிப்பில் அறிமுகமான வேல்யூஸ் (உறுப்பின் பண்புகளில் எழுதும் மதிப்புகள்) மூலம் எச்டிஎம்எல்லிலிருந்து பெறுங்கள். ஒன்று முடித்ததை மற்றொன்று அறிய, டிஸ்பேட்ச் கொண்டு நிகழ்வை வெளியிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்:
பிரித்த பின் பிழை நீங்கியது, மிக்க நன்றி. இணைப்பு துண்டிக்கப்பட்டு, தானாகச் சேமிப்பது தோல்வியுற்றால்?

மறுமொழி 3:
கன்ட்ரோலர் இயங்காவிட்டாலும் சமர்ப்பிக்கும் பொத்தான் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும். இதில் சமரசம் கூடாது. இணைப்பு இல்லாதது போன்ற நிலைகளில்தான் ஃபெட்ச் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் செயற்கூறு) பிழையாக முடியும். சர்வர் 500 (சர்வரில் பிழை) என்று பதிலளித்தால் அது வெற்றி போலவே திரும்பிவிடும். எனவே பதிலின் ‘ஓகே’ பண்பைச் சரிபார்த்த பின்னரே ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டுங்கள். பயனர் அந்தச் சொல்லை நம்பித்தான் பக்கத்தை மூடுகிறார்.