22 வயதில் ராபர்ட் வாட்லோ இறந்தது உயரத்தாலா?

கயல்_அம்மா

என் பையனுக்கு 13 வயது, 178 செ.மீ. வகுப்பில் எப்போதும் கடைசி வரிசை. சாதனைப் பட்டியல் ஒன்றில் ராபர்ட் வாட்லோவைப் பற்றிப் படித்ததிலிருந்து அவன் மனசு சரியில்லை. இதுவரை முறையாக அளந்தவர்களில் அவரைவிட உயரமானவர் யாருமில்லை, 272 செ.மீ. என்று முதல் வரி. 22 வயதில் இறந்தார் என்று அடுத்த வரி. காரணம் எதுவும் போடவில்லை. "உயரமா இருந்தா சீக்கிரம் செத்துடுவாங்களாம்மா?" என்று படுக்கப்போகும்போது கேட்கிறான். அதெல்லாம் இல்லைடா என்று சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வந்தால் சொல்வதற்கு எனக்கே விவரம் தெரியாது.

வாட்லோ எதனால் இறந்தார்? இப்படி உயரமானவர்கள் எல்லோருக்கும் நோய் இருந்ததா? என் கணவர் 188 செ.மீ., நான் 170. பையனை டாக்டரிடம் காட்ட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் அவனிடம் நான் அப்படியே சொல்லக்கூடிய மாதிரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கேலிப்பர்_சுந்தர்

சகோதரி, வாட்லோவின் உயிரைக் குடித்தது வலது கணுக்காலில் வந்த ஒரு கொப்புளம். பையனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நான் கேலிப்பர் செய்பவன், அதாவது பலவீனமான காலுக்குத் தாங்கலாக மாட்டுகிற கம்பிச் சட்டம். போலியோவில் கால் சூம்பியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், இவர்களுக்கு அளவெடுத்துச் செய்து, மாட்டிவிட்டு, நடக்கவைத்துப் பார்ப்பதுதான் தினமும் என் வேலை. அதனால் வாட்லோ படத்தைப் பார்த்தால் மற்றவர்கள் தலையைப் பார்ப்பார்கள், நான் காலைத்தான் பார்ப்பேன்.

1918 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டனில் பிறந்தார். பிறந்தபோது சாதாரண எடைதான். 5 வயதில் 163 செ.மீ., 8 வயதில் 183, 13 வயதில் 218, 18 வயதில் 253, 21 வயதில் 265. கடைசியாக 1940 ஜூன் 27 அன்று செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 272. அதற்கு 18 நாள் கழித்து இறந்துவிட்டார். இந்த எண்களில் என்னை உலுக்குவது கடைசி இரண்டும்தான். 21 வயதுக்கு மேலும் ஒன்றரை வருஷத்துக்குள் 7 செ.மீ. வளர்ந்திருக்கிறார். அதாவது வளர்ச்சி நிற்கவே இல்லை.

வாட்லோவும் கேலிப்பர் மாட்டித்தான் நடந்தார். வளர்கிற காலுக்குக் கேலிப்பர் செய்வது எங்கள் தொழிலில் மிகவும் சிரமமான வேலை. காலின் இரண்டு பக்கமும் கம்பி இறங்கும், கணுக்கால் கிட்ட ஒரு கீல் இருக்கும். அந்தக் கீல் கணுக்கால் மூட்டு மடங்குகிற அதே உயரத்தில் உட்கார வேண்டும். கால் கொஞ்சம் நீண்டாலும் கீல் கீழே நின்றுவிடும், மூட்டு மேலே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு அடியிலும் கம்பி ஏறி இறங்கிக் கணுக்கால் எலும்பின் மேல் உரசும். அந்த இடத்தில் சதை கிடையாது, எலும்புக்கு மேல் வெறும் தோல்தான். அதனால்தான் குழந்தைகளுக்குச் செய்யும்போது எலும்புக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விட்டுச் செய்து, சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரச்சொல்லி மாற்றுவோம். வாட்லோவின் எடையோ 199 கிலோ. அவ்வளவு பாரமும் அந்த உரசலின் மேல் இறங்கியிருக்கும்.

உரசினால் வலிக்காதா என்று பையன் கேட்பான். அவருக்குப் பாதத்திலும் காலிலும் உணர்வு மிகவும் குறைவு. உணர்வு இருக்கிறவர் பத்து நிமிஷத்தில் "சார், இங்கே குத்துது" என்று சொல்லிவிடுவார், உடனே சரிசெய்துவிடலாம். மரத்துப்போன கால்காரர் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் சாக்ஸில் ரத்தம் இருக்கும், அதையும் வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 1940 ஜூலை 4 அன்று மிச்சிகனில் மானிஸ்டீ என்ற ஊரில் விழாவுக்குப் போயிருந்தார் வாட்லோ. அதற்கு ஒரு வாரம் முன்புதான் புது கேலிப்பர் போட்டிருந்தார்கள், அது சரியாகப் பொருந்தவில்லை. கணுக்காலில் கொப்புளம் வந்து, சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறிவிட்டது. ரத்தம் ஏற்றினார்கள், அறுவை சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். ஜூலை 15 விடியற்காலையில் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. இப்படிச் சீழ் பிடித்த ஒரு நோயாளிக்கு ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலில் பென்சிலின் ஊசி போட்டது 1941 பிப்ரவரியில். வெறும் ஏழு மாத இடைவெளி.

அந்தக் காலோடு அவர் சும்மா வீட்டில் இருக்கவும் இல்லை. பாதம் 47 செ.மீ. நீளம். ஷூவை ஒரு கம்பெனி இலவசமாகச் செய்து கொடுத்தது, பதிலுக்கு அப்பாவோடு ஊர் ஊராகப் போய் அந்தக் கம்பெனிக்காகக் கூட்டத்தின் முன்னால் நின்றார். 800க்கும் மேற்பட்ட ஊர்கள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டுவதற்காக அப்பா காரின் முன்சீட்டைக் கழற்றிவிட்டாராம். மரத்துப்போன காலோடு மணிக்கணக்கில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது.

இன்று என்னிடம் இப்படி ஒருவர் வந்தால், மாட்டி நடக்கவைத்து, உடனே கழற்றித் தோலைப் பார்ப்பேன். சிவந்த தடம் இருந்தால் அரை மணி நேரம் காத்திருப்பேன். மறைந்துவிட்டால் சரி, மறையாவிட்டால் அந்தக் கேலிப்பரை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்வேன். கணுக்கால் கொப்புளம் இன்றைக்குத் தடுக்கக்கூடிய விஷயம். ஏன் அப்படி வளர்ந்தார் என்பதை மருத்துவம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வார்டு_மல்லிகா

ஹார்மோன் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சுந்தர் அண்ணா விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஹார்மோன் சொல்லி கல்லீரல் இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும், அது போய் எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டை வளரவைக்கும். பருவம் வந்து பாலின ஹார்மோன்கள் கூடும்போது அந்தத் தட்டு மெல்ல எலும்பாகி மூடிக்கொள்ளும், உயரம் நின்றுவிடும். வாட்லோவுக்குப் பிட்யூட்டரி அளவு மீறி வேலை செய்தது. இன்னொரு கஷ்டம், பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தால் அது பருவம் வரவைக்கும் செல்களையும் நசுக்கும். பருவம் தள்ளிப்போகும், தட்டு மூடாது, வளர்ச்சிக்கு முடிவே இருக்காது. தட்டு மூடிய பிறகு கட்டி வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை மட்டும் பருக்கும்.

இன்றைக்கு இதற்கு வழி இருக்கிறது. துருக்கியின் சுல்தான் கோசன் 1982இல் பிறந்தவர், 2009இல் 246.5 செ.மீ., 2011இல் 251. அவருக்குப் பிட்யூட்டரியில் கட்டி. 2010இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் காமா கத்தி என்ற கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். 2012இல் வளர்ச்சி நின்றது உறுதியானது. ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறார். ஆனால் வாட்லோவின் வயதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் சாண்டி ஆலன் 231.7 செ.மீ., இளம் வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 53 வயது வரை இருந்தார்.

எல்லா உயரமும் பிட்யூட்டரியால் வருவதில்லை. இப்போது உயிரோடு இருக்கும் பெண்களில் மிக உயரமானவர் என்று பதிவாகியிருக்கும் ருமேசா கெல்கிக்கு 215.16 செ.மீ. அவருக்கு இருப்பது வீவர் சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் கோளாறு. அவர் 2022இல் முதல்முறை விமானத்தில் போனபோது ஆறு இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்டார்கள். கூடைப்பந்தாட்டக்காரர் மனூட் போல் 231 செ.மீ., அவர் உயரத்துக்கு நோய் காரணம் இல்லை. தெற்கு சூடானின் உயரமான டிங்கா இனத்தில் உயரமான குடும்பம், அவ்வளவுதான்.

உங்கள் பையன் விஷயம். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்து, பாதியாக்குங்கள். 188, 170, 13 சேர்ந்தால் 371, பாதி 185.5. எட்டு ஒன்பது செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். 13 வயதில் 178 என்றால் பருவம் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனாலும் ஒருமுறை குழந்தைகள் டாக்டரிடம் காட்டுவது நல்லது, பயந்துகொண்டு போக வேண்டாம். பள்ளி மருத்துவ அட்டையில் பழைய உயரங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நாள் உயரத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, வருஷா வருஷம் எப்படி ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். சின்ன வயதிலிருந்தே வளர்ச்சி வரைபடத்தில் ஒரே கோட்டில் உயரமாக வந்தவன் என்றால் கவலை குறைவு. திடீரென்று கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ரத்தப் பரிசோதனையும், எலும்பு வயது பார்க்க மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். அடிக்கடி தலைவலி, பக்கவாட்டில் பார்வை மங்குவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். விரல்கள் ரொம்ப நீளமாக இருந்து, இரண்டு கையையும் விரித்தால் உயரத்தைவிட நன்றாகக் கூடுதலாக வந்தால் அதையும் சொல்லுங்கள். மார்ஃபன் என்ற மரபணுக் கோளாறு ஒன்று உண்டு, அதில் இதயத்தின் பெருந்தமனியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அளவுநாடா

சாதனைப் பக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அதில்தான் எனக்குப் பைத்தியம். ஒரே ஆள் காலையில் கூடுதலாகவும் சாயங்காலம் ஒன்றிரண்டு செ.மீ. குறைவாகவும் இருப்பார், முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால். அதனால்தான் பதிவுக்காக ஒரே நாளில் வெவ்வேறு நேரங்களில் அளக்கிறார்கள். உக்ரைனின் லியோனிட் ஸ்டாட்னிக் 257 செ.மீ. என்று, அப்போது உயிரோடு இருந்தவர்களில் மிக உயரமானவராகப் பட்டியலில் ஏறினார். விதிப்படி அளக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை, 2008இல் பட்டம் திரும்பச் சீனாவின் 236 செ.மீ. பாவோ ஷிஷுனுக்கே போய்விட்டது. தன்னை அளக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஸ்டாட்னிக்குக்கு இருந்தது, அதை நான் மதிக்கிறேன். வாட்லோவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஜான் ரோகன், 267 செ.மீ., மூட்டுகள் இறுகி நிற்கவே முடியாதவர். உட்கார்ந்த நிலையில்தான் அளந்தார்கள். பட்டியலில் எண்ணை மட்டும் படித்தால் இது தெரியாது.

பையனுக்குப் பிடிக்கிற மாதிரி ஒருவர் வேண்டுமென்றால் மார்ட்டின் வான் பியூரன் பேட்ஸைச் சொல்லுங்கள். இரண்டேகால் மீட்டருக்கு மேல் உயரம். அவரைவிடவும் கொஞ்சம் உயரமான அன்னா ஸ்வானை 1871இல் லண்டனில் கல்யாணம் செய்துகொண்டார். ஒஹையோவில் தங்கள் உயரத்துக்கு வீடு கட்டினார்கள், கூரை 14 அடி உயரத்தில். மற்றவர்கள் வீட்டில் குனிந்து குனிந்து நடந்தவர்கள் சொந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தார்கள். பெற்ற இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை, அந்தத் துக்கமும் அந்த வீட்டில் இருந்தது. பேட்ஸ் 1919இல் இறந்தபோது வயது 81.

நிலவன்_கோ

ஒன்று சேர்க்க வேண்டும். அயர்லாந்தின் சார்லஸ் பைர்னும் 22 வயதில்தான் இறந்தார், 1783இல், லண்டனில். தன் உடலை மருத்துவர்கள் அறுத்துக் காட்சிக்கு வைத்துவிடுவார்கள் என்று பயந்து, கடலில் புதைக்கச் சொல்லியிருந்தார். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்து உடலை வாங்கிவிட்டார். எலும்புக்கூடு 200 ஆண்டுகளுக்கு மேல் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல் அருங்காட்சியகத்தைத் திரும்பத் திறந்தபோதுதான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். வாட்லோ குடும்பம் அவர் உடலுக்கு அப்படி எதுவும் நேர்ந்துவிடக் கூடாது என்று கல்லறையைக் கான்கிரீட் போட்டு மூடியது. சர்க்கஸில் தோன்றியபோதுகூட, வேடிக்கைக் கூடாரத்தில் நிற்க மாட்டேன், நடு அரங்கில் சாதாரண உடையில்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டவர் அவர். உங்கள் பையனை யாராவது உயரம் சொல்லிக் கேலி செய்தால், வாட்லோ போட்ட இந்த நிபந்தனையை அவனிடம் சொல்லுங்கள்.

கயல்_அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கொப்புளம் என்றதும் தன் காலைத்தான் முதலில் பார்த்தான். பேட்ஸ் வீட்டுக் கதவு எவ்வளவு உயரம் என்று கேட்கிறான். பள்ளி அட்டையை எடுத்து வைத்துவிட்டேன், அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். சுந்தர் அண்ணா, ஒரு சந்தேகம். இவனுக்கு ஷூ சீக்கிரம் சீக்கிரம் சின்னதாகிவிடுகிறது. பெரிய சைஸாக வாங்கிவிடட்டுமா என்று பார்க்கிறேன், சரியா?

அளவுநாடா

கதவு எட்டரை அடி.

கேலிப்பர்_சுந்தர்

ரொம்பப் பெரியதாக வாங்காதீர்கள், சகோதரி. தொளதொளவென்று இருந்தால் குதிகால் உள்ளே வழுக்கி அங்கேயே கொப்புளம் வரும். சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். வளர்கிற வயதில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கையை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் இறுக்குகிறது என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். சிவந்த தடம் கழற்றி அரை மணி நேரம் ஆகியும் மறையவில்லை என்றால் அந்த ஷூ வேண்டாம்.