டேக்டைல் ஸ்விட்ச் கீபோர்டு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒத்தக்கடையில் மனுவும் ஒப்பந்தமும் தட்டச்சு செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறைதான். பிரவுன் ரக ஸ்விட்ச் (அழுத்தும்போது விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படும் டேக்டைல் வகை) உள்ள கீபோர்டு இப்போது படுத்துகிறது.

'ட', 'ன' விசைகளை ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகின்றன. தமிழ்99இல் ஒரே மெய் இரண்டு தரம் விழுந்தால் புள்ளி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'மனு' 'மன்னு' ஆனால் கண்ணில் படும். 'வீடு' 'வீட்டு' ஆனால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது. வக்கீல் விடுவாரா? ஸ்விட்சுக்குள் மின்தொடர்பு தரும் தொடுமுனையில் தூசியா, அதன் உலோகத் தகடே தளர்ந்துவிட்டதா? நெடுஞ்சாலைப் புழுதிக்கு இங்கே பஞ்சமில்லை.

அதிகம் புழங்கும் விசைகளில் பாதி வழியில் விரலுக்குத் தட்டுப்படும் மேடும் மழுங்கிவிட்டது. ஸ்விட்ச் தயாரிக்கும் செர்ரி நிறுவனம் தன் எம்எக்ஸ் பிரவுனுக்கு ஆயுள் 10 கோடி அழுத்தம் என்கிறது. ஆனால் எழுத்து பதிவது வேறு, விரலுக்குக் கிடைக்கும் உணர்வு வேறு. விசையோடு கீழிறங்கும் தண்டின் பிளாஸ்டிக் கால் உலோகத் தகட்டில் உரசித்தான் அந்த மேடு உண்டாகிறது. உரசுவது தேயாமல் இருக்குமா?

பல வருடம் தினமும் அடித்தவர்கள் சொல்லுங்கள்: எந்த ரகத்தில் மேடு நிலைக்கிறது? கால்களில் மசகு தடவினால் அது இன்னும் மங்குமா? தொடுமுனை மூடிய பாக்ஸ் வகை புழுதிக்குத் தாங்குகிறதா? என்னுடையது பற்றவைத்த பலகை, ஸ்விட்சைக் கையால் பிடுங்க முடியாது. மதுரையில் ஈயத்தை உறிஞ்சி மாற்றித் தருபவர் இருந்தால் இடம் சொல்லுங்கள். கடைகளில் கேட்டால் புதிதாக வாங்கத்தான் சொல்கிறார்கள்.